உஷ்ணமும் தென்னம்பாளையும்

2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இலங்கையில் ஒரு தேங்காயின் விலை 200 ரூபாயை எட்டிக் கடந்ததற்குக் காரணங்கள் பலவாயினும், பாளை வெடித்து ஏறத்தாழ ஓராண்டு கழிந்த பின்னரே காய் முற்றுவதால், முந்திய ஆண்டின் வெயிலும் அவற்றுள் ஒன்று என்பதைப் புத்தளம் கரையோரத்தில் தோட்டம் வைத்திருப்போர் அறிவர். ஓலை பசுமையாக நிற்கக் குரும்பை மட்டும் உதிர்வதேன் என்று முந்தலிலிருந்து அன்பர் ஒருவர் கேட்கிறார்.

விடை காண முதலில் செடியின் உயிரணுவுக்குள் பார்க்கவேண்டும். கடும் உஷ்ணத்தில் மடிப்புக் குலைந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் புரதங்களைத் தாங்கிப் பிரித்து, மீண்டும் மடித்து வைப்பவை வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள். ஆபத்து வந்துவிட்டதென்று அவற்றை அழைப்பவர் யார் என்பதே என் மனத்தைக் கவர்ந்த விஷயம்.

உடப்புக் கரையில் கரைவலை வாடி ஒன்றை நினைத்துக்கொள்வோம். வேலையற்ற வேளையில் ஆட்கள் தம் தலைவரான சம்மாட்டியாரைச் சூழ்ந்தமர்ந்து அவரை எழவிடாமல் பேச்சிலே பிணைத்து வைத்திருக்கிறார்கள். வலைகள் சிக்குண்டு கரையேறும்போதோ, அவர்கள் ஒவ்வொருவராகச் சிக்கெடுக்கப் போய்விட, தனித்துவிடப்பட்ட சம்மாட்டியார் எழுந்து மேலும் ஆட்களைக் கூவி அழைக்கிறார். ஆட்கள் என்றது எச்எஸ்பி 70 போன்ற வெப்ப அதிர்ச்சிப் புரதங்களை. சம்மாட்டியார் என்றது, அவற்றை ஆக்கும் மரபணுக்களைத் துயிலெழுப்பும் காரணிப் புரதத்தை. ஓய்ந்திருக்கும் ஆட்களின் தட்டுப்பாடே உஷ்ணத்தின் செய்தியாகிவிடுவது என்ன நேர்த்தி! ஒரு சம்மாட்டியார் கூவினால் மரபணு அசையாது, அவரைப் போன்ற மூவர் கைகோத்து நிற்கவேண்டும். முற்றிலும் முறுகிப்போன சிக்கிற்கு எச்எஸ்பி 101 வருகிறது. ஆறு அலகுகள் கூடிய அவ்வளையம், சிக்கிலிருந்து ஒரு புரதத்தைப் பற்றித் தன் நடுத்துளை வழியே நூல்போல இழுத்து விடுவிக்கிறது. வேலை தீர்ந்ததும் ஆட்கள் திரும்பிவந்து சம்மாட்டியாரைச் சூழ்ந்துகொள்ளக் குரல் அடங்குகிறது. மிதமான வெயிலை முன்னரே கண்ட செடி பின்வரும் கடுவெயிலைத் தாங்குவதும், வந்த ஆட்கள் உடனே கலைந்துவிடாமல் சிலகாலம் வாடியில் தங்குவதால்தான்.

இதன் சரித்திரம் சுருக்கமானது: 1962இல் இத்தாலிய விஞ்ஞானி ரிட்டோசா, பழ ஈக்கள் இருந்த பெட்டியின் சூடு தற்செயலாகக் கூடியதால், அவற்றின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகளைக் கண்டார், அவற்றால் விளைந்த புரதங்கள் 1974இல் அறியப்பட்டன.

இனி அன்பரின் கேள்வி. இலையில் செவ்வனே நடக்கும் இந்த ஏற்பாடு, சோளம் முதலிய பயிர்களில் கண்டபடி, முதிர்ந்த மகரந்தத்தில் மிகவும் மந்தமாகிவிடுகிறது. அங்கே வலை சிக்குண்டாலும் குரல் எழுவதில்லை. தென்னையிலும் உஷ்ணம் மிகுந்தால் மகரந்தம் முளைக்கும் திறன் குன்றுகிறது; கருவுறாத குரும்பை உதிர்ந்துவிடுகிறது. 1929 முதல் புத்தளம் மாவட்டத்திலேயே, லுணுவிலவில், இயங்கிவரும் தென்னை ஆராய்ச்சி நிலையம், வர்க்கத்துக்கு வர்க்கம் அத்திறன் வேறுபடுவதை ஆராய்ந்திருக்கிறது. ஆகையால், ஆய்வுகூடத்தில் ஒரு மரபணுவைச் செலுத்திய நாற்று சில மணிநேரச் சூட்டில் பிழைத்ததைக் கண்டு, வெயிலை வென்ற பயிர் பிறந்துவிட்டதென்று முழங்கும் செய்திகளை நான் நம்புவதற்கில்லை. இலை பிழைப்பது வேறு, காய் பிடிப்பது வேறு. ஆட்களை எந்நேரமும் வாடியில் நிறுத்தி வைத்தால் கூலிக்கே செடியின் வளர்ச்சி செலவாகிவிடும்.

முந்தல் அன்பர் இப்போது செய்யத்தக்கது, மரத்தடியில் குழி தோண்டி உரிமட்டைகளை அடுக்கி மண்ணால் மூடுவதும், விழுந்த ஓலைகளை வட்டத்தில் பரப்புவதுமே. மாரிநீரை மட்டை பிடித்து வைத்திருந்தால், பங்குனி வெயிலில் வெடிக்கும் பாளைக்கு உஷ்ணத்தோடு வறட்சியும் சேர்ந்துகொள்ளாது.