விற்ற பின்னும் நினைவிருக்குமா?

ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதம் வந்துவிட்டால், அமெரிக்காவின் அப்பிள் நிறுவனத்தார் தமது புதிய கைத்தொலைபேசியை உலகுக்கு அறிமுகஞ் செய்கின்றனர். ஆண்டுத் தொடக்கத்திலே கொரிய நாட்டுச் சாம்சங் நிறுவனத்தாரும் அவ்வாறே செய்கின்றனர். அந்தச் செய்தி அன்றிரவே நமது காரைதீவுக்கும் வந்து சேர்ந்துவிடுகிறது. மறுநாள் மாலை கடற்கரை மணலில் கூடும் இளைஞர்கள் அதன் புகைப்படக் கருவி எத்தகையது, திரையின் ஒளி எவ்வளவு, கல்முனைக் கடைகளுக்கு அது எப்போது வரும் என்றெல்லாம் ஆராயத் தொடங்கிவிடுகின்றனர். நாமும் புதுமையில் நாட்டமுடையவர்களே. புதிய கருவியொன்றைக் கண்டால் கையில் வாங்கிப் பாராமல் இருக்க நம்மால் இயலாது. ஆயினும் அத்தகைய பேச்சுக்களிலே ஒரு கேள்வி மட்டும் எழுவதில்லை. ‘இதை விற்ற நிறுவனம், விற்ற பின்னர் நம்மை எத்தனை ஆண்டு நினைவில் வைத்திருக்கும்?’ என்பதே அக்கேள்வி.

இக்கேள்விக்கு இன்று தனியொரு முக்கியத்துவம் உண்டு. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றுக் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, கைத்தொலைபேசியே பல பிள்ளைகளுக்கு வகுப்பறையாயிற்று. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை அண்மித்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கருவி எதுவாயினும் அதன் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குச் சென்றது. மீன்பிடியையோ நெல் வயலையோ நம்பி வாழும் குடும்பம் ஒன்று கைத்தொலைபேசி வாங்குவதென்றால், அது பல மாதச் சேமிப்பைக் கரைக்கும் காரியம். அப்படி வாங்கிய பொருள் இரண்டாண்டிலே பயனற்றுப் போகுமாயின், இழப்பு அந்தக் குடும்பத்துக்கே அன்றி நிறுவனத்துக்கு அன்று.

நிறுவனங்களின் பூர்வீகம்

இன்று வானளாவ உயர்ந்து நிற்கும் இந்நிறுவனங்களின் தொடக்கம் சுவையானது. சாம்சங் 1938ஆம் ஆண்டில் லீ பியுங்-சுல் என்பவரால் தொடங்கப்பட்டபோது, அது கருவாடும் நூடில்ஸும் விற்ற சிறு வணிக நிலையமாகவே இருந்தது. கருவாட்டு வாடி கண்டு பழகிய நம் கரையோர மக்களுக்கு இச்செய்தி ஒருவகை உறவுணர்ச்சியைத் தரக்கூடும். நோக்கியாவோ 1865இல் பின்லாந்து தேசத்திலே காகிதக் கூழ் ஆலையாகப் பிறந்து, பிற்காலத்தில் இறப்பர்ப் பாதணியும் செய்து, பின்னரே தொலைபேசிக்கு வந்தது.

அந்த நோக்கியா 2003இல் வெளியிட்ட 1100 என்னும் சிறு கருவியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். தூசி புகாத பொத்தான்கள், தலைப்பகுதியிலே ஒரு டோர்ச் விளக்கு, கையாலேயே கழற்றி மாற்றத்தக்க மின்கலம் ஆகியவையே அதன் சிறப்பு. உலகெங்கும் 25 கோடிக்கு மேற்பட்டவை விற்பனையாயின. மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களையும் புழுதி பறக்கும் தெருக்களையும் மனத்திற் கொண்டு அமைத்த கருவி அது. வாங்குபவன் எவ்வாறு வாழ்கிறான் என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதன் பின்னர் கருவியை அமைத்தனர். இந்த நற்குணத்துக்காக அந்நிறுவனத்தை நாம் இன்றும் மெச்சுகிறோம். எனினும் 2007இல் அப்பிளின் ஐபோன் வந்தபின் காலத்தின் போக்கை உணரத் தாமதித்தமையால், 2014இல் அது தன் கைத்தொலைபேசித் தொழிலையே மைக்ரோசொப்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. பயனாளரை நினைத்தல் ஒன்றே ஒரு நிறுவனத்தைக் காத்துவிடாது என்பதும் இதனால் விளங்கும்.

ஆயிரம் மணி நேர விளக்கு

நெடுங்காலம் உழைக்கும் பொருளைச் செய்வதில் வணிகருக்கு ஒரு சங்கடம் உண்டு. பழுதாகாத பொருளை வாங்கியவன் மறுபடியும் கடைக்கு வரமாட்டான் அல்லவா? 1924இல் ஜெர்மனியின் ஒஸ்ராம், ஒல்லாந்தின் பிலிப்ஸ் முதலான மின்விளக்கு நிறுவனங்கள் ஜெனீவா நகரிலே கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அக்காலத்து மின்குமிழ்கள் 1,500 முதல் 2,000 மணி நேரம் வரை எரிந்தன. இனி 1,000 மணி நேரமே எரிதல் வேண்டும் என்று முடிவாயிற்று. அதற்கு மேல் எரியும் குமிழைச் செய்த நிறுவனத்துக்கு அபராதமும் விதிக்கப்பட்டது! நீண்ட நாள் உழைத்ததற்குத் தண்டனை விதித்த விந்தையை வேறெங்குக் காண்போம்? இரண்டாம் உலகப் போர் மூண்டதும் அந்தக் கூட்டு உடைந்துபோயிற்று.

இன்றைய நிறுவனங்களும் அவ்வாறே சதி செய்கின்றன என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் 2017 டிசெம்பரில் நிகழ்ந்ததை அறிந்திருத்தல் நன்று. பழைய ஐபோன்களின் வேகத்தைத் தாமே மென்பொருள் வாயிலாகக் குறைத்திருப்பதை அப்பிள் நிறுவனத்தார் அப்போது ஒப்புக்கொண்டனர். அவர்கள் கூறிய காரணம் பொருத்தமற்றது அன்று. மின்கலம் முதுமையடைந்தால், கருவி கடுமையாக உழைக்கும் நொடியிலே வேண்டிய மின்னோட்டத்தை அதனால் கொடுக்க முடியாது. கருவி திடீரென அணைந்துவிடும். அதைத் தடுக்கவே வேகம் குறைக்கப்பட்டது. குறை எங்கேயெனில், அதை உரிய வேளையில் தெளிவாகச் சொல்லாமையே. புதிய மின்கலம் இட்டால் பழைய வேகம் மீளும் என்பதை அறியாது, கருவியே பழுதென்று எண்ணிப் புதியது வாங்கியோர் எத்தனை பேரோ! பின்னர் அந்நிறுவனம் மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது. 2020இல், தவறேதும் செய்யவில்லை என்று மறுத்துக்கொண்டே, 50 கோடி டொலர் வரையில் கொடுத்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள உடன்பட்டது.

அதே நிறுவனத்தின் மறுபக்கத்தையும் கூறுதல் நியாயம். 2013இல் வெளிவந்த ஐபோன் 5எஸ் என்னும் கருவிக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்பு மென்பொருள் கிடைத்தது. ஏறத்தாழப் பத்தாண்டு!

பூட்டில்லாத வீடு

பாதுகாப்பு மென்பொருள் என்றால் யாது? கைத்தொலைபேசியை ஒரு வீடாகக் கொள்வோம். அவ்வீட்டின் கதவிலும் யன்னலிலும் உள்ள பலவீனங்களைத் திருடர் நாள்தோறும் தேடிக்கொண்டே இருக்கின்றனர். ஒரு பலவீனம் தெரிந்தவுடன் நிறுவனம் அதனை அடைத்தல் வேண்டும். அடைப்பது நின்றுபோனால் வீடு பூட்டின்றிக் கிடக்கும். முன்னாளில் இதனால் பெருங்கேடில்லை. இன்றோ வங்கிக் கணக்கும், வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும், பெண் பிள்ளைகளின் படங்களும், மத்திய கிழக்கிலுள்ள தந்தை அனுப்பும் பணத்தின் விவரமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

அன்ட்ரொய்ட் வகைக் கருவிகளில் இது மேலும் சிக்கலானது. மூல மென்பொருளை வெளியிடுவது கூகுள். அதைத் தமது சில்லுக்கு ஏற்ப அமைப்போர் சில்லு செய்வோர். கருவிக்கு ஏற்பத் திருத்துவோர் கருவி செய்வோர். இவர்களுள் ஒருவர் கைவிட்டாலும் நமக்கு வரவேண்டியது வராது. இலாபம் குறைந்த மலிவுக் கருவிகளே முதலில் கைவிடப்படுவது வழக்கம். ஆதலின் ஏழையின் வீட்டுப் பூட்டே முதலில் துருப்பிடிக்கிறது.

அண்மையில் நிலைமை சற்றுத் திருந்தியுள்ளது. 2023 அக்டோபரில் கூகுள் தன் பிக்சல் 8 கருவிக்கும், 2024 ஜனவரியில் சாம்சங் தன் எஸ்24 கருவிக்கும் ஏழாண்டு மென்பொருள் தருவதாக வாக்களித்தன. ஒல்லாந்தின் பெயார்போன் என்னும் சிறு நிறுவனம், வாங்கியவரே மின்கலத்தையும் திரையையும் கழற்றி மாற்றும்படி கருவியை அமைத்து, பெரும்பாலும் ஐரோப்பாவிலே விற்று வருகிறது. ஐரோப்பிய ஒன்றியமோ இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2025 ஜூன் 20 முதல் அங்கு புதிதாகச் சந்தைக்கு வரும் கைத்தொலைபேசிகளின் மின்கலம், 800 முறை மின்னேற்றிய பின்னரும் தன் ஆற்றலில் நூற்றுக்கு 80 பங்கைக் காத்தல் வேண்டும். குறைந்தது ஐந்தாண்டுக்கு மென்பொருளும், ஏழாண்டுக்கு உதிரிப் பாகங்களும் கிடைத்தல் வேண்டும். அந்தச் சட்டம் நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் உலகெங்கும் விற்கும் நிறுவனங்கள் நாட்டுக்கொரு கருவி செய்வது அரிதாதலால், அதன் நன்மையில் ஒரு பங்கு நமக்கும் வந்து சேரும் என்று எதிர்பார்க்கலாம். அப்பிள் 2023இல் தன் தனிவழி மின்னேற்றித் துளையை விட்டு யூ.எஸ்.பி. சி என்னும் பொது வகைக்கு வந்ததும் ஐரோப்பியச் சட்டத்தின் பயனே. இன்று ஒரே மின்னேற்றிக் கம்பி வீட்டிலுள்ள அனைவருக்கும் போதுமானதாயிற்று.

மார்பில் அணிந்த மாயம்

இப்போது எந்நிறுவனத்தைக் கேட்டாலும் செயற்கை நுண்ணறிவு என்பதே பேச்சு. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்தது முதல் இந்த வேகம். அதனைக் கற்பதும் பயன்படுத்துவதும் மாணவர்க்கு நன்மையே. ஆனால் அப்பெயர் ஒட்டிய ஒவ்வொரு பொருளுக்கும் காசு கொடுக்கும் முன் நிதானம் வேண்டும். அமெரிக்காவின் ஹியூமேன் என்னும் நிறுவனம் 2024 ஏப்ரலில், சட்டையிலே குத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுச் சாதனம் ஒன்றை 699 டொலருக்கு விற்றது. இனிக் கைத்தொலைபேசியே வேண்டாம் என்றார்கள். 2025 பெப்ரவரி 28ஆம் தேதி அந்நிறுவனம் தன் சேவையை நிறுத்தியது. வாங்கியோர் மார்பிலிருந்த மாயப்பொருள் ஓராண்டும் நிறையாமல் வெறும் அணிகலனாகிவிட்டது. தொலைவிலுள்ள நிறுவனத்தின் கணினியை நம்பி இயங்கும் கருவி, அந்நிறுவனம் உள்ளவரையே உயிரோடிருக்கும்.

அடிகளார் காட்டிய வழி

நம்மை நினைத்தல் என்பது நம் மொழியை நினைத்தலையும் உள்ளடக்கும். இவ்விடத்தில் காரைதீவு ஈன்ற சுவாமி விபுலானந்த அடிகளாரை நினையாதிருக்க முடியாது. 1892இல் இவ்வூரிலே பிறந்த அவர் தமிழ்ப் புலவர் மட்டுமல்லர்; இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியுமாவார். 1936இல் சென்னையிலே அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கெனக் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் அவரே. புதிய அறிவு எங்கிருந்து வந்தாலும் அது நம் மொழியிலே பேசவேண்டும் என்பது அப்பணியின் உட்பொருள்.

கணினி உலகில் அப்பணி தானாக நடந்துவிடவில்லை. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் 1985இல் முரசு அஞ்சல் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். ஐபோனிலே தமிழ் விசைப்பலகை 2013இல் தான் நிறுவனத்தாராலேயே சேர்க்கப்பட்டது. 2017இல் கூகுள், பேசினால் எழுத்தாகும் வசதியைத் தமிழுக்கும் விரித்தது. அதில் இலங்கைத் தமிழ் என்று தனியாகவே ஒரு தெரிவு உண்டு. எழுத்துக் கூட்டி அழுத்த இயலாத பாட்டிமாரும் கத்தாரிலுள்ள பேரனுக்குச் செய்தி அனுப்ப இதனால் வழி பிறந்தது. நம் கிழக்கிலங்கைப் பேச்சை அது இன்னும் செம்மையாகக் கேட்டல் வேண்டும் என்பது நமது ஆசை. அதைப் பயன்படுத்துவோர் பெருகினால் ஆசை நிறைவேறவும் கூடும்.

கடையில் கேட்க வேண்டியவை

ஆகவே, வாசக அன்பர்களே, அடுத்த முறை கல்முனைக்குச் சென்று கைத்தொலைபேசி வாங்கும்போது, புகைப்படக் கருவியின் பெருமையைக் கேட்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இதற்கு எந்த ஆண்டு வரை பாதுகாப்பு மென்பொருள் கிடைக்கும்? மின்கலம் மாற்ற என்ன செலவாகும்? திரை உடைந்தால் உரிய பாகம் இங்கே கிடைக்குமா? தமிழில் முழுமையாக இயங்குமா? முதற் கேள்விக்குக் கடைக்காரருக்கு விடை தெரியாவிடின், நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு பார்த்துக்கொள்ளலாம்.

கையிலுள்ள பழைய கருவியையும் அவசரப்பட்டு ஒதுக்கவேண்டாம். அது மெதுவாயிற்று என்றால் முதலில் மின்கலத்தைச் சோதியுங்கள். கொதிக்கும் வெயிலிலும் தலையணைக்கு அடியிலும் வைத்து மின்னேற்றாதீர்கள். மின்கலத்துக்கு வெப்பமே பெரும்பகை. பாதுகாப்பு மென்பொருள் நின்றுபோன கருவியானால் அதிலிருந்து வங்கிக் கணக்கை நீக்கிவிட்டு, பாட்டுக் கேட்கவும் பாடக் காணொளி பார்க்கவும் பிள்ளைகளிடம் கொடுங்கள். அது இன்னும் சில ஆண்டு உழைக்கும். அதற்குள் புதியதொன்றுக்கு வேண்டிய பணத்தையும் கடனின்றிச் சேர்த்துக்கொள்ளலாம்.