வளர்ப்பு நாயின் நலம் பேணல்

வீட்டு நாயை மனிதன் பேணத் தொடங்கியது இன்று நேற்றன்று. 1914-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பான் நகரை அடுத்த ஓபர்காசலில் கல் வெட்டிய தொழிலாளர் ஒரு தொன்மையான புதைகுழியைக் கண்டனர். ஓர் ஆண், ஒரு பெண் ஆகிய இருவரின் எலும்புகளோடு நாய்க்குட்டி ஒன்றின் எலும்புகளும் அதில் கிடந்தன. அவை ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அக்குட்டியின் பற்களை ஆராய்ந்து 2018-ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. டிஸ்டெம்பர் என்னும் கடுங்காய்ச்சல் அதனைப் பல வாரங்கள் வாட்டியிருத்தல் வேண்டும். மனிதர் நீரூட்டித் தூய்மை செய்து பேணியிராவிடில் அது அத்தனை நாள் பிழைத்திராது என்பது அவர்கள் கருத்து. எனினும் ஏறத்தாழ 28 வார வயதில் அது இறந்துபோயிற்று. அன்பு இருந்தது, நோயைத் தடுக்கும் வழி இல்லை. இன்று அவ்வழி உண்டு.

குட்டிப் பருவத் தடுப்பூசிகள்

பிறந்த குட்டிக்குத் தாயின் சீம்பாலிலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள்கள் கிடைக்கின்றன. சில வாரங்களில் இவை குறைந்து மறைகின்றன. இவை மிகுந்திருக்கும்போது இடும் தடுப்பூசியின் வைரஸையும் இவையே செயலற்றதாக்கிவிடுகின்றன. முற்றிலும் குறைந்த பின்னரோ குட்டி பாதுகாப்பின்றி நிற்கிறது. இந்த இடைவெளி எப்போது நேருமென்று ஒவ்வொரு குட்டிக்கும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. ஆதலால், டிஸ்டெம்பர், பார்வோ வைரஸ் நோய் ஆகியவற்றுக்கான ஊசி 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வாரம் நிறையும்வரை 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை இடப்படுகிறது. முதல் ஊசியோடு நின்றுவிடுவது பெருந்தவறாகும்.

வெறிநோய்

மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி இடுதல் வேண்டும். பின்னர் மருத்துவர் கூறும் காலத்தில் தவறாது புதுப்பித்தல் வேண்டும். இது நாயை மட்டுமன்றி வீட்டாரையும் காப்பது. வெறிநோய் வைரஸ் கடிபட்ட இடத்திலிருந்து நரம்புகளின் வழியே மூளையை அடைகிறது. நோய்க்குறிகள் தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. நாயின் உமிழ்நீரில், அது நோயுற்றதாகத் தோன்றுவதற்குச் சில நாட்கள் முன்னரே வைரஸ் வெளிப்படலாம். ஆகவே கடித்தது சொந்த நாயே ஆயினும் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரை நாடுதல் அவசியம். மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றைக் காயத்தில் தடவலாகாது.

ஊசிக்கு அஞ்சி மருத்துவமனை செல்லத் தயங்குவோர் இன்றும் உளர். 1911-ஆம் ஆண்டில் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. அதனை வயிற்றில் நாள்தோறும் பதினான்கு ஊசிகள் வரை இட வேண்டியிருந்தது. இந்தியாவில் 2004-ஆம் ஆண்டின் இறுதியில் அதன் தயாரிப்பு நிறுத்தப்பட்டது. இப்போதைய மருந்து சில தவணைகளில் மேற்கையில் இடப்படுகிறது. எனவே பழைய அச்சத்துக்கு இடமில்லை.

விழாக்காலக் கவனம்

நேபாளத்திலும், டார்ஜிலிங், சிக்கிம் பகுதிகளில் வாழும் நேபாளி மொழியினரிடையேயும் திகார் பண்டிகையின் இரண்டாம் நாள் நாய்களுக்கே உரியது. அன்று நாய்க்கு மாலை சூட்டி, நெற்றியில் திலகமிட்டு, நல்லுணவு படைக்கின்றனர். நாயின் பிறந்த நாளைக் கொண்டாடும் வழக்கம் நம் நகரங்களிலும் காணப்படுகிறது. கொண்டாட்டம் நன்றே, ஆனால் மனிதருக்கு இனிப்பது நாய்க்கு நஞ்சாகலாம். சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் மெதுவாகவே வெளியேற்றுகிறது; அது தேங்கி இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்திலுள்ள உலர்ந்த திராட்சையும் சிறுநீரகங்களைக் கெடுக்கக்கூடும்.

வெடியோசையும் நாய்க்குப் பெருந்துன்பம். மனிதர் செவி வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே உணரும். நாயின் செவி 45,000 வரை உணர வல்லது. தீபாவளி நாட்களில் அதனை உள்ளறையில் வைத்து, அருகில் ஒருவர் இருத்தல் நலம். கோடையில் நிழலும் குளிர்ந்த நீரும் இன்றியமையாதவை. நாய் வியர்வையால் அன்றிப் பெரும்பாலும் மூச்சிரைப்பினாலேயே உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

லூயி பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாள், உலக வெறிநோய் நாளாக அனுசரிக்கப்படுகிறது. அதனையொட்டிக் கால்நடைத் துறையினர் பல ஊர்களில் இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடத்துகின்றனர். நாயின் பிறந்த நாளைக் கொண்டாடுவோர், அந்த நாளையே ஆண்டுத் தடுப்பூசியை நினைவூட்டும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம். மாலை மறுநாள் வாடிவிடும். ஊசி தரும் காப்போ மாதக்கணக்கில் நிற்கும்.