அறுந்த தசைநாணை ஸ்டெம் செல் ஒட்ட வைக்குமா? பழவேற்காடு மீனவர்கள் பணம் கட்டும் முன்னே படிக்க வேண்டிய விஷயம்!

பொன்னேரி:
பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது. கோல் ஊன்றித்தான் பல இடங்களில் படகைத் தள்ள வேண்டும். பாடு வலை கட்டுகிறவர்கள் ராத்திரி முழுக்க இழுக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்களும் உண்டு. இப்படி வருஷக்கணக்கில் உழைத்தால் தோளும் முழங்கையும் சும்மா இருக்குமா?

வலி வந்ததும் "நரம்பு புடிச்சுக்கிச்சு" என்போம். ஆனால் பெரும்பாலும் அது நரம்பு இல்லை. நரம்பு என்பது மூளையில் இருந்து சேதி கொண்டு போகிற கம்பி. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கிற வெள்ளைக் கயிறு வேறு. அதன் பெயர் தசைநாண். டாக்டர்கள் 'டெண்டன்' என்பார்கள். தோள் மூட்டைச் சுற்றி மட்டும் இந்த மாதிரி 4 கயிறுகள் இருக்கின்றன.

இந்தக் கயிற்றைச் சரி பண்ண ஸ்டெம் செல் ஊசி வந்துவிட்டது என்று இப்போது பேச்சு பலமாக அடிபடுகிறது. உண்மை எவ்வளவு?

ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை?

வலைக் கயிற்றைப் பிரித்துப் பார்த்தால் புரி புரியாக இருக்கும் அல்லவா? தசைநாணும் அப்படித்தான். 'கொலாஜன்' என்கிற புரத நூல்கள் ஒரே திசையில் முறுக்கி அடுக்கியது போல இருக்கும். பலம் அதிகம். ஆனால் ரத்த ஓட்டம் குறைவு. பழுது பார்க்கும் உயிரணுக்களும் கொஞ்சம்தான். கையில் வெட்டுப்பட்டால் பத்து நாளில் தோல் மூடிக்கொள்கிறது. தசைநாண் கிழிந்தால் மாதக்கணக்கில் இழுக்கும். ஆறினாலும் பழைய மாதிரி வரிசையாக நூல் அடுக்காது. கன்னாபின்னா என்று தழும்பு போடும். அந்த இடம் மறுபடி அறுவது அதனால்தான்.

ஸ்டெம் செல்லைத் தமிழில் குருத்தணு என்பார்கள். பெயரே சொல்லிவிடுகிறது. இன்னும் இதுதான் என்று முடிவாகாத, பல வகை உயிரணுவாக வளரக்கூடிய குருத்து அது. எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்பிலும் கிடைக்கும். அதை எடுத்துக் கிழிந்த இடத்தில் விட்டால் புதுத் தசைநாணாகவே வளர்ந்துவிடும் என்றுதான் முதலில் நம்பினார்கள். இப்போது விஞ்ஞானிகள் வேறு மாதிரி சொல்கிறார்கள். அந்த அணுக்கள் வீக்கத்தை அடக்கி, "வேலையை ஆரம்பி" என்று அக்கம்பக்கத்து அணுக்களை முடுக்கிவிடுகின்றனவாம். கொத்தனாரை விட மேஸ்திரி வேலைதான் அதிகம் போல!

முதலில் குதிரைக்கு!

இந்த வைத்தியத்தில் மனுஷனை முந்தியது குதிரை. பந்தயக் குதிரைக்கு முன்னங்கால் தசைநாண் கிழிந்தால் கதை முடிந்த மாதிரி. லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியைச் சேர்ந்த ரோஜர் ஸ்மித் குழுவினர், குதிரையின் மஜ்ஜையில் இருந்து ஸ்டெம் செல் எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, கிழிந்த இடத்தில் ஊசி போட்டு 2003-ல் வெளியிட்டனர். 2012-ல் வந்த அடுத்த அறிக்கையில், தடை தாண்டி ஓடும் குதிரைகளுக்கு மறுபடி காயம் வருவது, பழைய வைத்தியத்தில் பதிவான அளவில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது.

மனிதர்களில் பெரிதாகப் பேசப்படுவது பிரான்ஸ் நாட்டு டாக்டர் பிலிப் எர்னிகு 2014-ல் வெளியிட்ட ஆய்வு. தோள் தசைநாண் கிழிந்த 45 பேருக்கு ஆபரேஷனில் தைத்து, அவர்கள் இடுப்பு எலும்பு மஜ்ஜையையே செறிவாக்கி அங்கே செலுத்தினார். இன்னொரு 45 பேருக்குத் தையல் மட்டும். 10 வருஷம் கழித்துப் பார்த்தால், மஜ்ஜை போட்டவர்களில் 39 பேருக்குத் தையல் அப்படியே இருந்தது. போடாதவர்களில் 20 பேருக்குத்தான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள்: அங்கே கிழிசலை முதலில் தைத்தார்கள், அதன் மேல்தான் மஜ்ஜை. வெறும் ஊசி ஒன்று அறுந்த கயிற்றை இழுத்து ஒட்டியதாக யாரும் காட்டவில்லை. சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆட்களைப் பிரித்துச் செய்த ஆய்வும் அல்ல அது. அப்படிப்பட்ட பெரிய ஆய்வுகள் இன்னும் போதுமான அளவு வரவில்லை.

நம்ம ஊரில் சட்டம் என்ன?

இதைத்தான் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017-ல் வெளியிட்ட விதிமுறைப்படி, ரத்தம் சம்பந்தப்பட்ட நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று சிகிச்சைதான் ஒப்புக்கொள்ளப்பட்ட ஸ்டெம் செல் வைத்தியம். நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் 1986-ல் இருந்து நடப்பது அதுதான். முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு ஸ்டெம் செல் மருந்துக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. தோள், குதிகால் தசைநாண் கிழிசல் அந்த அனுமதியில் வராது.

ஆக, தசைநாணுக்கு ஸ்டெம் செல் போடுவது என்றால் அது முறைப்படி பதிவான பரிசோதனையாக இருக்க வேண்டும். பரிசோதனை என்றால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக் கூடாது. யாராவது பெரிய தொகை சொன்னால், "மத்திய அரசின் மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்க நம்பர் என்ன சார்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். இன்ஜின் அடகு வைத்துக் கட்டுகிற பணம் ஆச்சே!

அப்போ வலிக்கு என்ன வழி?

முழுசா அறுந்து போகாத தசைநாணுக்கு இன்றைக்கும் முதல் வைத்தியம், பளுவை மெல்ல மெல்லக் கூட்டிச் செய்கிற பயிற்சிதான். குதிகால் வலிக்கு சுவீடன் டாக்டர் ஆல்பிரெட்சன் 1998-ல் சொன்ன முறை பிரபலம். படியின் விளிம்பில் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். தினமும், 12 வாரம். செலவு ஒரு பைசா இல்லை. பொறுமைதான் வேண்டும். பிசியோதெரபிஸ்ட் காட்டித் தந்தபடி செய்வது நல்லது.

ஸ்டீராய்டு ஊசி போட்டால் மறுநாளே தேவலை போல இருக்கும். அடிக்கடி போட்டால் கயிறு நைந்துவிடும். முழங்கை வலிக்கு ஊசி போட்டவர்கள் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், போடாதவர்களை விட மோசமாக இருந்ததை ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. இன்னொன்று, கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் சிப்ரோபிளாக்சசின் வகை மாத்திரைகளும் சிலருக்குத் தசைநாணை அறுத்துவிடும். சர்க்கரை நோய் இருந்தால் கூடுதல் கவனம் தேவை.

வலை நூலோ கத்தியோ விரலை ஆழமாக அறுத்து, விரல் மடங்கவில்லை என்றால் அது தசைநாண் வெட்டு. அங்கே ஸ்டெம் செல் பேச்சுக்கே இடமில்லை, தைக்கத்தான் வேண்டும். மஞ்சளை வைத்துக் கட்டி நாள் கடத்தினால் அறுந்த முனை உள்ளே சுருங்கி ஓடிவிடும். சுத்தமான துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அன்றைக்கே பொன்னேரி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். கைக்கு என்றே தனிப் பிரிவு வைத்திருப்பது வடசென்னையில் உள்ள ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி.