குடியேறியோரின் கதைத்தொகை

தொகைநூலில் ஒவ்வொரு பாடலும் தனித்து நின்று பொருள் தரும். ஒருங்கே பயிலும்போது ஒரு காலத்தின் வாழ்வு புலப்படும். இவ்வமைப்பைப் பின்பற்றிய தொலைக்காட்சித் தொடர்களுள் ஒன்று, 2020ஆம் ஆண்டு ஜனவரியில் ஆப்பிள் டிவி பிளஸ் தளத்தில் வெளியான ‘லிட்டில் அமெரிக்கா’. அமெரிக்காவில் குடியேறியோரின் உண்மை வாழ்வைத் தழுவிய எட்டுக் கதைகள் இதன் முதல் பருவத்தில் இடம்பெற்றுள்ளன. கதைமாந்தரும் களமும் கதைதோறும் மாறுகின்றன.

தீபா மேத்தா இயக்கிய ‘தி மேனேஜர்’ என்னும் முதற்கதையில், யூட்டா மாநிலத்தில் சாலையோர விடுதி நடத்திய பெற்றோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்படுகின்றனர். விடுதிப் பொறுப்பு சிறுவனாகிய மகன்மேல் விழுகிறது. எழுத்துக்கூட்டல் போட்டியில் வென்று வாஷிங்டன் சென்றால், குடியரசுத் தலைவரின் துணைவியாரிடம் முறையிடலாம் என நம்பி அவன் இரவுபகலாகப் படிக்கிறான். ‘தி பேக்கர்’ கதையில், உகாண்டாவிலிருந்து வந்த பெண் தான் சுட்ட பிஸ்கட்டுகளைத் தலைச்சுமையாகக் கொண்டு லூயிவில் நகரத் தெருக்களில் விற்கிறாள்.

இரு கதைகளையும் ஒப்பிடுக. தாய்நாட்டு வழக்கமே அப்பெண்ணுக்குக் கைகொடுக்கிறது. புதிய மண்ணில் வேரூன்றப் பழைய வேரை அறுக்க வேண்டியதில்லை. ஆயின், சிறுவனின் கதை வேறோர் உண்மையையும் உணர்த்துகிறது. கனவு நிறைவேற உழைப்பு மட்டும் போதாது. நாட்டின் சட்டமும் இடந்தர வேண்டும். அவ்விடம் மறுக்கப்படும்போது பிரிவின் சுமையைப் பிள்ளைகளே சுமக்கின்றனர்.

ஒவ்வொரு கதையின் முடிவிலும் அதற்கு மூலமான மனிதரின் நிழற்படம் காட்டப்படுகிறது. ‘குடியேறியோர்’ என்னும் பொதுச்சொல் அங்கே ஒரு முகமாகிறது.