எழுத்தில் செல்லும் பொருள்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்த ஊர் நாட்றம்பள்ளி. அதற்குக் கிழக்கேயுள்ள வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலாற் பெயர் பெற்றவை. இப்பகுதியிலிருந்து கடல் கடந்து செல்லும் காலணிப் பெட்டிகளுடன் அவற்றின் பட்டியலும் செல்லும். பெட்டி செம்மையாக இருப்பினும் பட்டியலிற் பிழை நேருமாயின் சரக்குத் துறைமுகத்திலே தேங்கும். தைத்தவர் உழைப்பின் பயனும் காலந்தாழ்த்தே கிட்டும்.

இக்காலத்தில் அப்பட்டியலைக் கணிப்பொறியே ஆக்குகின்றது. ஒரு சரக்கைப் பற்றிய செய்திகள் அதன் நினைவகத்தில் கிளை கிளையாகப் பிரிந்திருக்கும். தோலின் வகை, சதுர அடி, கப்பலேறும் நாள் ஆகியன அக்கிளைகளாம். இத்தொகுதியை ஆப்ஜெக்ட் என்பர். அதனை இருந்தவாறே பெயர்த்து மற்றொரு கணிப்பொறிக்கு அனுப்ப இயலாது. ஆதலின் அதனை ஒரே எழுத்துத் தொடராக மாற்றி அனுப்புவர். பெறும் பொறி அதனைப் படித்து மீண்டும் கிளைகளாக விரித்துக் கொள்ளும். இம்மாற்றமே தொடராக்கம் எனப்படும்.

இதற்குப் பெரிதும் பயன்படும் எழுத்துமுறை ஜேசான் என்பது. அமெரிக்க அறிஞர் டக்ளஸ் கிராக்ஃபோர்டு 2001 ஆம் ஆண்டளவில் இதனைப் பரப்பினார். எண், எழுத்துச்சரம், மெய் பொய் என்னும் மதிப்பு, வெறுமை, வரிசை, பெயரும் மதிப்பும் இணைந்த தொகுதி ஆகிய ஆறனுள் எல்லாம் அடங்கும்.

எளிமையே இதன் சிறப்பு. இடர்ப்பாடு பிறப்பதும் அவ்வெளிமையாலேயே. நாளைக் குறிக்கத் தனிவகை இதில் இல்லை. ஆகவே 2025 சனவரி முதல் நாளை ஒரு நிரல் ‘2025-01-01’ என்று எழுதும். மற்றொன்று 1970 சனவரி முதல் நாள் தொட்டுக் கழிந்த மில்லி நொடிகளை எண்ணி 1735689600000 என்று எழுதும். இரண்டும் பிழையல்ல, எனினும் ஒன்றை எதிர்நோக்கும் நிரல் மற்றொன்றைப் பெற்றால் திகைத்து நின்றுவிடும்.

இத்தொடராக்கத்தை ஒவ்வொருவரும் புதிதாக எழுதுவதில்லை. பிறர் ஆக்கிய நிரல் நூலகங்களையே பயன்படுத்துவர். ஜாவா மொழியில் வழங்கும் ஜாக்சன் அத்தகையது. அதன் இரண்டாம் வரிசைப் பதிப்புகள், வேறு கட்டளை இல்லாவிடின், நாளை எண்ணாக எழுதின. 2025 இல் வெளிவந்த 3.0 பதிப்போ எழுத்துச்சரமாக எழுதுகின்றது. பதிப்பை மாற்றியவர் நாளை எழுதும் முறை பற்றித் தம் நிரலில் எதுவும் திருத்தாதிருப்பினும், வெளிவரும் தொடர் மாறிவிடும். அன்றியும், அந்நூலகத்தின் ஒரு பகுதி புதியதாகவும் மற்றொரு பகுதி பழையதாகவும் கலந்துவிடின், ‘அழைத்த செயல்முறை இல்லை’ என்னும் பிழை எழும். புதிய பகுதி பெயர் சொல்லி அழைக்கும் செயல்முறை பழைய பகுதியில் இல்லாமையே அதன் காரணம்.

இத்தகைய பிழையைக் கண்டறியும் முறை யாது? முதற்கண், அனுப்பப்பட்ட எழுத்துத் தொடரையே எடுத்துப் பார்த்தல் வேண்டும். தொடர் கருதியவாறு இருப்பின் குற்றம் படிப்பவரிடத்தது, மாறியிருப்பின் எழுதியவரிடத்தது. அடுத்து, பெருந்தொகுதியை விடுத்து ஒரே ஒரு கிளையை மட்டும் அனுப்பிச் சோதித்தல் வேண்டும். பின்னர், இருபுறத்து நூலகப் பதிப்புகளையும் ஒப்புநோக்கல் வேண்டும். பதிப்பெண்ணின் முதலிலக்கம் மாறியிருப்பின், பழைய வழக்கு முறிந்திருக்கலாம் என்று ஐயுறுதல் தகும். ஐயந்தீர்ந்தபின் பதிப்பைக் குறித்து வைத்து நிலைநிறுத்துவதுடன், நாளை எழுதும் முறையையும் வெளிப்படையாகக் கட்டளையிட்டுவிடல் நன்று.

எழுதுவோனும் படிப்போனும் ஒரே உடன்படிக்கையில் நின்றாலன்றிச் செய்தி சென்று சேராது. இது கணிப்பொறிக்கு மட்டுமன்று, மாந்தர் எழுதும் மடலுக்கும் பொருந்தும். தனக்கு விளங்குவது பிறர்க்கும் விளங்கும் என்று கொள்ளாது, பெறுவோன் நிலையில் நின்று எழுதுவதே பிழையைத் தவிர்க்கும் வழியாகும்.