வானிலிருந்து வரும் இணையம்

மாணவர்களே! ஆஸ்டின் டவுன் வீடுகளின் மொட்டை மாடிகளில், ‘டிஷ்’ என்று நாம் அழைக்கும் தொலைக்காட்சிக் கிண்ணங்களைக் கண்டிருப்பீர்கள். அவை பெரும்பாலும் தென்புற வானையே நோக்கி நிற்கும். காரணம் யாது?

நிலநடுக்கோட்டுக்கு நேர்மேலே, 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள், பூமியுடன் சேர்ந்தே சுழல்வதால் வானில் ஓரிடத்தில் நிலைத்து நிற்பதுபோல் தோன்றும். பெங்களூரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே இருப்பதால், நம் கிண்ணங்கள் தெற்கே பார்க்கின்றன.

இத்தகைய செயற்கைக்கோள் வழியாக இணையமும் வரும். 1990களில் அதற்கெனக் கணினிக்குள் ஓர் ஏற்பு அட்டையைப் பொருத்தினர். செய்தி வானிலிருந்து அட்டைக்கு வந்தது. ஆனால் நாம் கேட்பதைத் தொலைபேசிக் கம்பி வழியாகவே அனுப்ப வேண்டியிருந்தது. பின்னர் வந்த கருவிகள் அனுப்புதல், பெறுதல் ஆகிய இரண்டையும் தாமே செய்தன.

எனினும் தொலைவு குறையவில்லை. நாம் பேசும் சொல் மேலே சென்று கீழே இறங்க ஏறத்தாழ 72,000 கிலோமீட்டர். மறுமொழி வர மேலும் அவ்வளவு. வானலைகள் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்பவை. ஆகவே, “பாட்டி, நலமா?” என்று கேட்டால், பாட்டி உடனே விடை கூறினாலும் அது நம்மை அடைய அரை நொடி ஆகும். பாடம் படிக்க இத்தாமதம் தடையன்று. உரையாடலில் இருவர் பேச்சும் மோதிக்கொள்ளும்.

இக்குறையைத் தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் நீக்குகின்றன. ஸ்டார்லிங்க் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்திலும், ஒன்வெப் 1,200 கிலோமீட்டர் உயரத்திலும் இயங்குகின்றன. ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்களை 2022, 2023 ஆம் ஆண்டுகளில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் இஸ்ரோவின் ஏவூர்திகள் சுமந்து சென்றன. இவை வானில் விரைந்து நகர்வதால், ஒன்று மறையுமுன் மற்றொன்று வரவேண்டும். எனவே நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் தேவைப்படுகின்றன. வீட்டுக் கருவியும் அவற்றைப் பின்தொடரும் திறன் பெற்றிருத்தல் வேண்டும். அதனால் செலவு மிகும்.

அவ்வாறாயின் எதைத் தேர்வது? ஒளியிழை வடம் வீட்டு வாயிலுக்கு வரும் நகரத்தில் வடமே சிறந்தது. பெருமழை பெய்தாலும் அலை குன்றாது. வடம் எட்டாத மலையிலும் தீவிலும் செயற்கைக்கோளே துணை. தமிழர் பலர் குடியேறி வாழும் அந்தமான் தீவுகள் இதற்குச் சான்று. சென்னையிலிருந்து கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீள வடம் சென்றடைந்து, 2020 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வரும்வரை, அத்தீவுகள் செயற்கைக்கோளையே நம்பியிருந்தன.

ஆகவே, “எது வேகமானது?” என்று மட்டும் கேளாமல், “எந்த இடத்திற்கு, எந்தத் தேவைக்கு?” என்றும் கேட்டுத் தேர்வதே அறிவுடைமை.

சிந்தித்து விடை எழுதுக:
1. உயரத்துச் செயற்கைக்கோள் வழிப் பேச்சில் தாமதம் ஏற்படுவது ஏன்?
2. தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்கள் மிகுதியாகத் தேவைப்படுவது ஏன்?
3. உங்கள் சொந்த ஊருக்கு ஏற்றது எது? காரணத்துடன் ஐந்து வரிகளில் எழுதுக.