இரண்டே இரண்டு டிக்கெட்

"ரெண்டு பேர் மட்டும் தனியா ஊருக்குப் போய் வர்றதுல அப்படி என்னண்ணே இருக்கு? செலவுதானே?" என்று கேட்டார் புதுச்சேரி முதலியார்பேட்டைத் தம்பி ஒருவர். புதிதாகக் கல்யாணமானவர். ஆளுக்கொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம் இது.

நம் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி ஊருக்கே போகாதவர்கள் இல்லை. மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி, திருப்பதி என்று வேன் பிடித்துப் போகிறோம். அந்த வேனுக்குள் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து டோல்கேட் கணக்குப் பார்க்கிறார். அந்தம்மா கடைசி சீட்டில் புளிசாதத் தூக்கைக் காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, யார் வீட்டுப் பிள்ளைக்கோ வாந்தி வராமலிருக்க எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுக்கிறார். போய்த் திரும்பும்வரை இருவருக்குள்ளும் நடந்த பேச்சு, "சில்லறை இருக்கா?" இது குடும்பப் பயணம். நல்லதுதான், ஆனால் நான் சொல்ல வருவது வேறு.

கொச்சியில் ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று சின்ன டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தினமும் கல்லாவிலிருந்து முந்நூறு ரூபாய் எடுத்து வைப்பார்கள். பற்றாததற்குக் கடன் வாங்குவார்கள். போய்வந்து, கடனை அடைத்துவிட்டு, அடுத்த நாட்டுக்குச் சேர்க்கத் தொடங்குவார்கள். 2007இல் இஸ்ரேலில் ஆரம்பித்து 2021இல் ரஷ்யா வரை 26 நாடுகள். ரஷ்யாவிலிருந்து திரும்பிய சில வாரங்களில், 71 வயதில், விஜயன் காலமானார். எனக்கு அந்த 26 பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் ஒரே உண்டியலைப் பார்த்துக்கொண்டு டீ ஆற்றினார்களே, அதுதான் பெரிது. டிக்கெட் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே அவர்கள் பயணம் கிளம்பிவிட்டது.

இதற்கு ஆராய்ச்சி உண்டா என்றால், உண்டு. ஆர்தர் ஏரன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு 2000இல் வெளியிட்டது. ஒரு ஜோடியின் மணிக்கட்டையும் கணுக்காலையும் சேர்த்துக் கட்டிவிட்டு, ஒரு தலையணையைக் கையால் தொடாமல் சுமந்தபடி மெத்தைமேல் தவழ்ந்து தடுப்பைத் தாண்டச் சொன்னார்கள். ஏழு நிமிடக் கூத்து. சும்மா பந்து உருட்டிய ஜோடிகளைவிட இவர்களுக்குத் தங்கள் உறவைப் பற்றிய திருப்தி கூடியிருந்தது. புதிதாக, கொஞ்சம் சிரமமாக, சேர்ந்து செய்தால்தான் முடிகிற வேலை. சூட்சுமம் அங்கே இருக்கிறது.

வீட்டில் எல்லாம் பிரித்தாகிவிட்டது. காஸ் புக்கிங் ஒருவர், கரண்ட் பில் இன்னொருவர். தெரியாத ஊர் ஸ்டேஷனில் அந்தப் பிரிவினை செல்லாது. பையை யார் பார்த்துக்கொள்வது, வழி யார் கேட்பது? வீட்டில் அதட்டுகிறவர் ஆட்டோக்காரரிடம் வாய் திறக்கக் கூச்சப்படுவார். பேசாத பெண் கறாராகப் பேரம் முடிப்பார். இதைப் பார்க்கவே காசு கொடுக்கலாம். எல்லாவற்றையும் கைடே பார்த்துக்கொள்ளும் பேக்கேஜ் டூரில் இது கிடைப்பது கஷ்டம்.

சண்டை வருமே என்பார்கள். வரும். ஆனால் வீட்டில் அரைத்த மாவையே அரைக்கிற சண்டை. வெளியூரில் சண்டைக்காவது விஷயம் புதுசு.

26 நாடெல்லாம் வேண்டாம் தம்பி. மாஹே போய் வாருங்கள். ஒன்பது சதுர கிலோமீட்டர்தான். நம் புதுச்சேரி சட்டசபைக்கு எம்.எல்.ஏ. அனுப்புகிற ஊர், ஆனால் டீ கேட்கவே மலையாளம் வேண்டும். மங்களூர் ரயில் நம் ஸ்டேஷனிலிருந்தே கிளம்புகிறது. தலச்சேரியில் இறங்கினால் பக்கம். பணப்பை அவங்க கையில் இருக்கட்டும், வழி கேட்கிற வேலை உங்களுக்கு. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகாததற்கு வீட்டில் என்ன காரணம் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு.